டிராமை வேகவைத்த மாமனார்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் நாங்கள் மூவரும் நலம். அவ்விடம் தாங்களும், சம்பந்தி அம்மாளும், நான் கட்டிக்கொடுத்த தங்கள் மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூவரும் நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, அதில் ஒருவன் நலமில்லை. அது யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைத் தாங்கள் தனியாக உட்கார்ந்து படிக்கவேண்டும். சம்பந்தி அம்மாளுக்குப் படித்துக் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மெதுவாகப் படிக்கவும். தாங்கள் மெதுவாகப் படித்தாலும் பக்கத்து வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும், காய்கறி மார்க்கெட்டில் காலமெல்லாம் ஏலம் கூவிய குரல் அது, இருந்தாலும் முயற்சி செய்யவும்.

முதலில் தங்கள் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை தங்கமான மனிதர். சம்பந்திக்கு எழுதும் கடிதத்தில் இப்படித்தான் எழுதவேண்டும் என்பதற்காக எழுதவில்லை, உண்மையிலேயே தங்கம், அதுதான் என் கஷ்டம். பகலெல்லாம் பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்டுக் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு கயிறும் கிரீஸுமாக வேலை பார்த்துவிட்டு வருவார். வந்ததும் கையைக் கழுவுவார், சாப்பிடுவார், தட்டையும் அவரே கழுவி வைப்பார், பிறகு கூடத்து மேஜையில் விளக்கைப் போட்டுக்கொண்டு டிராம் கட்ட உட்கார்ந்துவிடுவார். டிராம் என்றதும் தெருவில் ஓடுவதை நினைத்துக்கொள்ளவேண்டாம். முழங்கை நீளம்தான் இருக்கும். சக்கரம், மோட்டார், கண்ணுக்கே தெரியாத திருகு எல்லாம் ஒரு பெட்டியில் பொட்டலம் பொட்டலமாக வரும். மேல்கூடு மட்டும் அதில் வராது. அதை மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் வரைந்து, மூலையில் வைத்திருக்கும் பிரிண்டரில் அச்சடிப்பார். இந்தப் பிரிண்டர் காகிதத்தில் அடிப்பதில்லை. பிளாஸ்டிக் நூலை உருக்கி, இழைமேல் இழையாக அடுக்கி, ஒரு பகலும் இரவும் முனகி முனகி, ஜன்னலும் படிக்கட்டும் வைத்த முழு டிராம் கூட்டையும் எழுப்பிவிடும். வண்டி ஓடுவதற்கு மேலே ஒரு கம்பி கட்டியிருப்பார். கூரையிலிருந்து ஒரு மெல்லிய கம்பு நிமிர்ந்து அந்தக் கம்பியை உரசிக்கொண்டே வரும். கரண்ட் கம்பியிலிருந்து கம்பு வழியாக மோட்டாருக்கு இறங்கி, சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் போய்ச் சேரும். இதையெல்லாம் மாப்பிள்ளையே ஒருநாள் எனக்குப் பொறுமையாக விளக்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அதிகமாகப் பேசியது அன்றைக்குத்தான். எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் நிறுத்திவிடுவாரோ என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

இந்த ஊரில் இவரைப்போல இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பலகையில் ஒரு தெருவைக் கட்டி, வருடத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், பலகையோடு பலகையைச் சேர்த்து ஒரு ஊர் ஆக்கி, டிராம் ஓட்டிக் காட்டுவார்களாம். பல வருடம் வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளைக்கு இந்த வருடம்தான் இடம் கிடைத்திருக்கிறது. அதுவும் நட்டநடுவில். அவர் தெருவில் அவர் வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருகிற எல்லார் வண்டியும் நிற்கும். நாளைக் காலையில் கண்காட்சி. அதனால்தான் இன்றைக்கே இதை எழுதிவிடவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இனி நலமில்லாத அந்த ஒருவன். என் பழைய வீடு மூன்றாவது மாடி என்பது தங்களுக்குத் தெரியும். முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்ததும், "கால் சரியாகிற வரைக்கும் எங்ககூட வந்து இருங்கப்பா" என்று மகள் கூட்டிவந்தாள். பழைய வீட்டையும் காலி செய்தாயிற்று. கால் சரியாகிவிட்டது சம்பந்தி. வெகுநாளாகிறது சரியாகி. ஆனால் அந்தப் பேச்சை இங்கே யாரும் எடுக்கவில்லை, நான் எதற்கு எடுக்கிறேன். ஆகவே மாப்பிள்ளை கூடத்தில் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் நொண்டிக்கொண்டிருந்தேன். அதிகமாக இல்லை, லேசாக, ஒரு மரியாதைக்கு. அவர் உடனே வேலையை விட்டு எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போடுவார். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் மறுநாளும் நொண்டுவேன். மாப்பிள்ளை வீட்டில் எந்தக் காரணமும் இல்லாமல் எப்படி சம்பந்தி உட்கார்ந்து சாப்பிடுவது, தாங்களே சொல்லுங்கள்.

சும்மா சாப்பிடுகிறோமே என்ற உறுத்தலில்தான் வினையே வந்தது. ஒருநாள் மகள் தட்டு வைப்பதற்காக மேஜையிலிருந்த டிராம் கூட்டை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தாள். வெயில் பட்டு அதன் ஒரு பக்கம் லேசாக வளைந்துவிட்டது. நகத்தளவு வளைவு. மாப்பிள்ளை அதைப் பார்த்தார், அதன்மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆயுசு முழுக்கப் பல்செட் கட்டியவன் நான், ஒரு பிளாஸ்டிக் வளைவை நிமிர்த்தத் தெரியாதா என்று தோன்றியது. எங்கள் தொழிலில் பிளாஸ்டிக் என்றால் கொதிக்கிற தண்ணீருக்கு என்றே பிறந்தது. அச்சுப் பெட்டியில் இறுக்கிப் போட்டுத் தண்ணீரில் வேகவைத்தால்தான் பல்செட் கெட்டியாகும். சரியாக வேகாத பல்செட் வாயில் நாறும், ரொட்டியைக் கடித்தால் உடையும். ஆகவே பிளாஸ்டிக்கையும் வெந்நீரையும் சேர்த்துவிட்டால் நல்லதுதான் நடக்கும் என்பது என் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. வீட்டிலேயே பெரிய பாத்திரமாகப் பார்த்து எடுத்து, தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, டிராமை உள்ளே இறக்கி, மூடியும் போட்டுவிட்டேன். மூடி போட்டிருக்க வேண்டாம்.

திறந்து பார்த்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூரை உள்ளே விழுந்து, ஜன்னலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, டிரைவர் நிற்கிற முன்பக்கம் திரும்பிக்கொண்டு பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர்களுடைய பிளாஸ்டிக் வேறு ஜாதியாம், காப்பிச் சூட்டுக்கே தாங்காதாம், இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆறுவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று இடுக்கியால் எடுத்துக் கையில் வைத்து அமுக்கினேன், இழுத்தேன், நிமிர்த்தினேன். கைப்பழக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. நான் அமுக்க அமுக்க அது ஒரு கீழ்த்தாடையாக வந்துகொண்டிருந்தது. நான் நிறுத்துவதற்குள் முழுத்தாடையே ஆகி, இறுகியும் போய்விட்டது. நல்ல அளவான தாடை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மாலையில் மாப்பிள்ளை வந்தார். மேஜையில் இருந்ததைப் பார்த்தார்.

"இது என்ன மாமா?"

"டிராம்" என்றேன்.

கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஓரத்தில் படிக்கட்டு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது, அதைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு சொன்னார்.

"பரவாயில்ல மாமா. வேற ஒண்ணு அடிச்சுக்கலாம்."

சம்பந்தி, இந்தப் "பரவாயில்ல"யைப் பற்றித் தங்களிடம் கொஞ்சம் பேசவேண்டும். தாங்கள் போன் செய்யும்போது நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன். தாங்கள் அங்கிருந்து கத்துவீர்கள், அவர் இங்கிருந்து கத்துவார். போன வாரம் எந்தக் கம்பெனித் தண்ணீர் மோட்டார் வாங்குவது என்பதற்காக இருவரும் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் இறங்கிவந்து யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். "உங்களுக்கு என்னப்பா தெரியும், போனை வைங்க" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பும்போது முகம் அப்படித் தெளிவாக இருக்கும். நான் எதிரே வருவேன். உடனே குரல் இறங்கிவிடும், உடம்பு நேராகிவிடும், "சாப்பிட்டீங்களா மாமா" என்று கேட்பார். பெற்ற அப்பாவைப் போய்த் திட்டுகிறாரே என்று முதலில் வருத்தப்பட்டேன். இப்போது எனக்குத் தங்கள்மேல் பொறாமையாக இருக்கிறது. தன் வீட்டு மனிதர்களிடம்தான் ஒருவன் கூசாமல் கத்துவான். என்னிடம் அவர் பேசுவது லிஃப்டில் வந்து மாட்டிக்கொண்ட ஆளிடம் பேசுவதுபோல இருக்கிறது. பயப்படாதீங்க, பரவாயில்ல, இப்ப இறங்கிடலாம்.

இரண்டாவது கூடு அச்சாகிக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீட்டைச் சுற்றிவந்து வேண்டாத சுவிட்சையெல்லாம் அணைக்கிற பழக்கம் உண்டு. ஆளில்லாத மூலையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஜன்னல் மட்டம் வரைக்கும் டிராம் வந்திருந்தது, அதற்குமேல் இல்லை. பாதியில் நின்றதை மறுபடி தொடங்க முடியாதாம். "பரவாயில்ல மாமா, பழக்கம்தானே" என்றார். சுவிட்சின்மேல் ஒரு காகிதம் ஒட்டினார். அதில் "தொடாதீர்கள்" என்றுகூட எழுதவில்லை. "நன்றி" என்று எழுதியிருந்தார்.

பிளாஸ்டிக் நூலும் அத்தோடு தீர்ந்துவிட்டது, புதிது வர நாளாகுமாம். நாளோ நெருங்குகிறது, இவரோ முகத்தைச் சுளிக்கக்கூட மாட்டேன் என்கிறார். சரி, நாம் கெடுத்ததை நாமே சரிசெய்வோம் என்று அந்தக் கீழ்ப்பாதியை எடுத்துக்கொண்டேன். இந்தமுறை வெந்நீர் பக்கமே போகவில்லை. வேகவைக்காமல் தானாக இறுகுகிற பல்செட் பவுடர் என் பெட்டியில் பாக்கி இருந்தது. திரவத்தில் குழைத்து, மெழுகில் அச்சு எடுத்து, ஜன்னல் தூண்களையும் கூரையையும் கையாலேயே கட்டினேன். இரண்டு நாள் வேலை. மேலே உரசி, மெருகு போட்டு, தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி முடித்தேன். கட்டுமானத்தில் ஒரு குறை சொல்ல முடியாது சம்பந்தி. ஒரே ஒரு விஷயம், எங்கள் பவுடர் ஈறு நிறத்தில்தான் வரும். கீழே சாம்பல், மேலே ஈறு. நடுவில் நான் கவனிக்காமல் கூரை ஓரத்தில் ஈறுக்கு வைக்கிற வளைவு வளைவான மேடுபள்ளத்தையும் வைத்துவிட்டிருந்தேன்.

அன்றைக்குப் பார்த்து அவர்கள் கூட்டத்தின் தலைவர் பலகையைப் பார்வையிட வந்தார். மேல்கம்பி கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் அவரைக் கம்பி சார் என்றே எல்லாரும் கூப்பிடுகிறார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டிராமுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனார்.

"தம்பி, இது என்ன நிறம்?"

"மாமா செஞ்சது சார்" என்றார் மாப்பிள்ளை.

"அதில்ல, மேல வளைவு வளைவா இருக்கே. இப்படி ஒரு மாடல் நான் பார்த்ததில்லையே. எந்த வருஷத்து வண்டி?"

நான் ஒரு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார்.

"பெயிண்ட் அடிச்சா தெரியாது சார். கனமா, நல்லா உறுதியா இருக்கு. வண்டி தண்டவாளத்துல அசையாம நிக்கும். மாமா கை அப்படி" என்றார்.

எனக்காக ஒரு மனிதர் தன் தலைவரிடம் குறையை மறைத்து நிறையை மட்டும் பேசுகிறார். வேறு யாராவது என்றால் பெருமைப்பட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கதவுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. நான் கெடுத்ததையெல்லாம் சொல்லி அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். விருந்தாளியை யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

கடைசியாகக் கால் விஷயம். முந்தாநாள் மகளுக்குச் சாப்பாடு கொடுக்க அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். மாப்பிள்ளை அங்கே இருக்கமாட்டார் என்பதால் சாதாரணமாக நடந்து போனேன். கடை முழுக்க முகம் பார்க்கிற கண்ணாடி என்பதை மறந்துவிட்டேன். அவள் யாருக்கோ பிரேம் மாட்டிக்கொண்டே, திரும்பாமலேயே நான் வருவதைப் பார்த்துவிட்டாள். வந்தவர் போனபிறகு கேட்டாள்.

"அப்பா, போன வாரம் வலது கால்ல நொண்டினீங்க. நேத்து இடது கால்ல நொண்டினீங்க. எது வலிக்குது?"

"ரெண்டும்தான். மாத்தி மாத்தி."

"இப்ப எதுவும் வலிக்கலையே."

நான் சாப்பாட்டுப் பையை மேஜைமேல் வைத்தேன். அவள் துணியால் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கோபமில்லை, சிரிப்பை அடக்குகிற மாதிரியும் இருந்தது, அழுகையை அடக்குகிற மாதிரியும் இருந்தது.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. தெரிஞ்சாலும் சொல்லமாட்டாரு."

அங்கேயே எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. தெரிந்தும் நாற்காலி இழுத்துப் போடுகிறாரா, தெரியாமல் போடுகிறாரா, இனி ஒவ்வொரு நாற்காலியிலும் உட்காரும்போது நான் இதை யோசிக்கவேண்டும். களைப்பாக இருக்கிறது சம்பந்தி. உடம்புக் களைப்பு இல்லை. நல்ல பிள்ளையாக இருந்து இருந்து வருகிற களைப்பு, அவருக்கும் அது இருக்கும்தானே. வேலை பார்த்துவிட்டு வருகிற மனிதருக்குத் தன் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு சத்தம் போட ஒரு இடம் வேண்டாமா. நான் இருக்கிற வரைக்கும் அவர் அடக்கிக்கொண்டேதான் இருப்பார். ஆகவே போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் சும்மா போகிறேன் என்றால் மகள் விடமாட்டாள், மாப்பிள்ளை "என்ன மாமா, எங்களால ஏதாவது குறையா" என்பார், அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. கௌரவமாகப் போக ஒரு காரணம் வேண்டும். அதைத் தாங்கள்தான் கொடுக்கவேண்டும்.

தாங்கள் செய்யவேண்டியது இதுதான். கண்காட்சி முடிந்ததும் மாப்பிள்ளைக்குப் போன் செய்து, கீழ்வரிசைப் பல்செட் ஆடுகிறது, சாப்பிட முடியவில்லை, சம்பந்தி வந்து தங்கி வேறு கட்டிக்கொடுத்தால்தான் ஆச்சு என்று சொல்லவேண்டும். அது ஆடவில்லை என்பது எனக்குத் தெரியும், நான் கட்டியது ஆடாது, ஆனால் தொழில் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று இந்த ஒருமுறை விட்டுக்கொடுக்கிறேன். போன் செய்யும்போது பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசவும், அப்போதுதான் நம்பும்படி இருக்கும். தங்கள் வீட்டில் கொஞ்ச நாள் இருப்பேன். தொந்தரவு செய்யமாட்டேன், எந்தச் சுவிட்சையும் தொடமாட்டேன், சமையலறைப் பக்கம் வரமாட்டேன். அதற்குள் எங்காவது தரைத்தளத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு, கால் நன்றாகிவிட்டது, தனியாக இருப்பதுதான் எனக்குப் பழக்கம் என்று மகளுக்கு எழுதிவிடுவேன். இந்த உதவியைச் செய்தால் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

நான் போகிறேன் என்பதால் மாப்பிள்ளைமேல் ஏதோ வருத்தம் என்று தாங்கள் நினைக்கக்கூடாது. இப்படி ஒரு பிள்ளையை வளர்த்துக் கொடுத்ததற்குத் தங்களுக்கும் சம்பந்தி அம்மாளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். தங்கள் குரலும் பற்களும் பல்லாண்டு குறைவில்லாமல் இருக்கவேண்டும். சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். நாளைக்குத் தங்கள் மகனின் டிராம் நிற்காமல் ஓடவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, தபால்தலையும் வைத்துவிட்டேன். இப்போது மறுபடி திறந்து எழுதுகிறேன், கையெழுத்து ஆடினால் மன்னிக்கவும்.

தபாலில் சேர்க்கக் கூடத்து வழியாகப் போனேன். மாப்பிள்ளை பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஏதோ ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார், கால் மட்டும் வெளியே தெரிந்தது. டிராம் பச்சைப் பெயிண்டெல்லாம் அடித்துத் துண்டின்மேல் மல்லாந்து கிடந்தது. நான் செய்த பகுதி எது, பிரிண்டர் செய்த பகுதி எது என்று எனக்கே தெரியவில்லை. அந்த வண்டிக்கு அடியில் முன்னே ஒன்று பின்னே ஒன்றாக இரண்டு சக்கரக் கட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார். பின்னாலிருந்தது கழன்று ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு திருகுதான் போடவேண்டும். போகிற மனிதன் கடைசியாக ஒரு நல்லது செய்துவிட்டுப் போகலாமே என்று எடுத்து மாட்டி, திருகை முறுக்கிவிட்டேன்.

அவர் எழுந்துவந்து வண்டியைத் தண்டவாளத்தில் வைத்து, கம்பைத் தூக்கிக் கம்பியில் மாட்டி, கரண்ட் பெட்டியின் குமிழைத் திருப்பினார். டிராம் நகரவில்லை. நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு நடுங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார், இன்னும் நடுங்கியது, கருகல் வாசனை வந்தது. சட்டென்று அணைத்தார். வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை யார் மாட்டினது?"

"நான்தான். லூசா இருந்தது" என்றேன். சொல்லிவிட்டு அந்தப் "பரவாயில்ல"க்காகக் காத்திருந்தேன்.

"என்ன மாமா நினைச்சிட்டிருக்கீங்க மனசுல?" என்றார். சம்பந்தி, தங்கள் குரல். அப்படியே தங்கள் குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "திருப்பி மாட்டியிருக்கீங்க. முன்னாடி மோட்டார் அந்தப் பக்கம் இழுக்குது, பின்னாடி மோட்டார் இந்தப் பக்கம் இழுக்குது, வண்டி எங்க போகும்? வேகவச்சீங்க, பேசாம இருந்தேன். சுவிட்சை அணைச்சீங்க, பேசாம இருந்தேன். ஒரு மனுஷன் எவ்வளவுதான் பொறுத்துக்குவான்? நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி போய் நிக்கணும் நான். கையை வச்சிட்டு ஒரு இடத்துல சும்மா உட்காரத் தெரியாதா உங்களுக்கு?"

மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "என்னங்க, அப்பாகிட்டயா இப்படிக் கத்துறீங்க?" என்றாள். மாப்பிள்ளைக்குச் சுயநினைவு வந்த மாதிரி ஆயிற்று. முகம் மாறிவிட்டது, உடம்பு நேராக ஆரம்பித்துவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று தெரிந்தது. அதற்கு நான் விடவில்லை.

"நீ உள்ள போம்மா. எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்றேன். அவளை அனுப்பிவிட்டு அவரிடம் திரும்பி நானும் கத்தினேன். "எது முன்பக்கம்னு அதுல எழுதியா வச்சிருக்கு?"

"கேட்டா சொல்ல மாட்டேனா?"

"எங்க கேக்கறது? வாயைத் தொறந்தா பரவாயில்ல, பரவாயில்ல. அதைச் சொல்லியே என்னைக் கொன்னுட்டீங்க."

மேல்வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கையை நீட்டினார்.

"அந்தச் சின்ன ஸ்குரூடிரைவரை எடுங்க. இது பெருசு. இதுவும் இல்ல. கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுட்டு வந்து நில்லுங்க மாமா." எடுத்துக்கொடுத்தேன். வண்டியைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். ஆடாமல் பிடிக்கச் சொல்லித் திட்டினார். கழற்றித் திருப்பி மாட்டும்போது, தலையைத் தூக்காமலேயே, "இது முன்பக்கம். நல்லாப் பார்த்துக்குங்க. அடுத்த வருஷம் ரெண்டு வண்டி கட்டணும், அப்பவும் இப்படியே பண்ணிட்டிருந்தா நான் என்ன செய்வேன்" என்றார்.

அடுத்த வருஷம் என்று சொன்னார் சம்பந்தி.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டி ஆடியது. அதற்கும் திட்டினார்.

ஆகவே தாங்கள் போன் செய்யவேண்டாம். பல்செட் ஆடவேண்டாம், அது ஆடவும் ஆடாது. இந்தக் கடிதத்தையே தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும், தபால்தலை வீணாகுமே என்றுதான் அனுப்புகிறேன். கூடத்திலிருந்து சத்தம் வருகிறது. கம்பு வளைவில் கம்பியை விட்டுக் கழன்றுவிட்டதாம், நான் எங்கே போய்த் தொலைந்தேன் என்று கேட்கிறார். போகாவிட்டால் திட்டுவார். போனாலும் திட்டுவார்.